ஒரே நோட்டு, இரண்டு பட்டியல்: ஊரின் மருத்துவத்துக்கும் வாக்குக்கும் வேலை செய்யப் புதிதாக வருபவர்களுக்கு

அவள் ஆறு மாதக் கர்ப்பிணி. திருமணமாகி எங்கள் ஊருக்கு வந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. குடும்ப அட்டையில் பெயர் இன்னும் அப்பா வீட்டில். மருத்துவக் காப்பீடு அந்த அட்டையைப் பிடித்துக்கொண்டு போவதால் அதுவும் அங்கே. வாக்காளர் பட்டியலிலும் பிறந்த ஊரில்தான். இங்கே அவள் சமைக்கிறாள், நடவுக்குப் போகிறாள், தெருக்கோடிக் குழாயில் தண்ணீர் பிடித்து வருகிறாள். தாளில் மட்டும் இல்லை.

நாங்கள் அந்த வீட்டுக் கதவைத் தட்டியது வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க. திரும்பும்போது கையில் இருந்தது பிரசவக் கவலை. பக்கத்து வீட்டில் நேர்மாறு. சர்க்கரை மாத்திரை ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று கேட்கப் போனோம். வீட்டுப் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். வாக்காளர் பட்டியலில் அவர் பெயரை நீக்கியிருந்தார்கள்.

சுகாதாரத்துக்கு ஒரு குழு, வாக்காளர் விழிப்புணர்வுக்கு இன்னொரு குழு என்று பிரித்துக்கொண்டு புறப்படுபவர்கள் உண்டு. நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். ஒரே தெருவில் இரண்டு முறை நடந்த பிறகுதான் உறைத்தது: மருந்து கிடைக்காதவரும் பட்டியலில் இல்லாதவரும் பெரும்பாலும் ஒரே ஆள். புது மருமகள், திருப்பூருக்குப் போய்த் திரும்பியவர், படுத்த படுக்கையாக இருப்பவர், தனியாக வாழும் கிழவி. அதனால் ஒரே நோட்டுப் போதும்.

சட்டத்திலும் இதற்கு ஒரு முடிச்சு இருக்கிறது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களே கிராம சபையின் உறுப்பினர்கள். அரசமைப்புச் சட்டத்தின் வரையறை இது. துணை சுகாதார நிலையத்துக்குத் தண்ணீர் இணைப்பு வேண்டும் என்று கை தூக்குவதற்கும் அந்தப் பட்டியலில் பெயர் வேண்டும். தேர்தல் நாள் விரல் மையோடு அதன் வேலை முடிந்துவிடுவதில்லை.

கூட்டம் போடாதீர்கள், போய் உட்காருங்கள்

எங்கள் முதல் தவறு கூட்டம் போட்டது. அறுபது நாற்காலி, ஒலிபெருக்கி, தேநீர், மூன்று பேச்சாளர்கள். வந்தவர்கள் கைதட்டிவிட்டுப் போனார்கள். மறுநாள் யாரிடம் என்ன கேட்பது என்று எங்களுக்கே தெரியவில்லை.

அதற்குப் பதிலாக, உங்கள் ஊருக்கான ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு காலைப்பொழுது முழுவதும் உட்காருங்கள். செவ்வாய்க்கிழமை என்றால் கர்ப்பிணிகள் பரிசோதனை நாள். புதன் தடுப்பூசி நாள். இரண்டும் பார்க்க வேண்டியவை. அதிகாரி போல நடக்காமல், ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையிலேயே நில்லுங்கள். மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தால் இன்னும் நல்லது. முழு மருந்தோடு போகிறவர் யார், ‘அடுத்த வாரம் வாருங்கள்’ என்ற பதிலோடு போகிறவர் யார் என்பது அங்கேதான் தெரியும். கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா என்பதை மாதவிடாய்ப் பெண்ணிடமோ கர்ப்பிணியிடமோ கேட்டால் ஒரே சொல்லில் விடை கிடைக்கும்.

அங்கே வேலை செய்பவர்களை எதிரியாக எண்ணிக்கொண்டு போகாதீர்கள். கிராம சுகாதார செவிலியர் ஒருவர் சமவெளியில் சுமார் 5,000 பேருக்குப் பொறுப்பு, மலைப்பகுதியில் 3,000. ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சமவெளியில் 30,000 பேர் என்பது கணக்கு. பக்கத்துத் துணை நிலையத்தில் இடம் காலியாக இருந்தால் அந்தச் சுமையும் இவர் தலையில்தான். உங்கள் ஊரைப் பற்றி உங்களைவிட அவருக்கு அதிகம் தெரியும். நீங்கள் கேட்டால் சொல்வார். மிரட்டினால் பதிவேட்டைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்.

எந்த நிலையம் யாருக்குக் கீழே என்பதை அன்றைக்கே தெரிந்துகொள்ளுங்கள். புதியவர்கள் அதிகம் அலைவது இதில்தான். துணை நிலையமும் ஆரம்ப சுகாதார நிலையமும் பொது சுகாதாரத் துறையைச் சேர்ந்தவை: ஒன்றிய அளவில் வட்டார மருத்துவ அலுவலர், மாவட்ட அளவில் மாவட்ட சுகாதார அலுவலர். தாலுகா மருத்துவமனைக்குப் போனால் அது வேறு இயக்ககம். அங்கே நலப் பணிகள் இணை இயக்குநர். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மூன்றாவது இயக்ககம். தாலுகா மருத்துவமனைப் புகாரைச் சுகாதார அலுவலரிடம் கொடுத்தால் மனு ஒரு மாதம் ஊர் சுற்றிவிட்டு, ‘உரிய அலுவலரை அணுகவும்’ என்று திரும்பி வரும்.

மூன்று பேர், ஒரு தெரு

தொடங்க மூன்று பேர் போதும். ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். ஒருவர் அந்தத் தெருவைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். மூன்றாமவருக்குக் கையெழுத்து நன்றாக இருந்தால் போதுமானது.

எந்தத் தெருவில் தொடங்குவது என்பது சின்ன விஷயமாகத் தெரியும்; அல்ல. பெரிய தெருவில் தொடங்கிக் கடைசியாகக் காலனிக்குப் போனால், அங்கே நீங்கள் ‘அவர்கள் ஆட்கள்’. காலனியில் தொடங்குங்கள். தண்ணீரோ தேநீரோ கொடுத்தால் மூவரும் வாங்கிக் குடியுங்கள். யார் குடித்தார், யார் ‘இப்போதுதான் குடித்தேன்’ என்று நழுவினார் என்பது நீங்கள் தெருமுனையைத் தாண்டும் முன்பே ஊருக்குத் தெரிந்துவிடும்.

நேரம் மாலை ஆறிலிருந்து எட்டு. காலையில் போனால் வேலைக்குப் போகாதவர்கள் மட்டும் இருப்பார்கள். ஒரு மாலைக்கு எட்டு வீடு. பத்துக்கு மேல் போனால் நீங்கள் கேட்பதில்லை, நிரப்புகிறீர்கள்.

நோட்டில் ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். இடது பாதியில்: வீட்டில் உண்மையாகத் தங்கியிருப்பவர்கள் எத்தனை பேர், அவர்களில் குடும்ப அட்டையில் இருப்பவர் யார், காப்பீட்டில் இருப்பவர் யார், தொடர்ந்து மாத்திரை சாப்பிடுபவர் யார், கர்ப்பிணி, கைக்குழந்தை, நடக்க முடியாதவர். வலது பாதியில்: வாக்காளர் பட்டியலில் இருப்பவர், இல்லாதவர், பதினேழு முடிந்தவர், வேறு ஊரில் பெயர் உள்ளவர், இறந்தும் பெயர் நீக்கப்படாதவர். நடுவில் ஒரு கோடு. கோட்டின் இருபுறமும் விடுபட்டவரின் பெயரைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். உங்கள் வேலை அந்த வட்டங்களில்தான் தொடங்கும்.

யாருக்கு வாக்களிப்பீர்கள் என்று கேட்கவே கூடாது. அவர்களாகச் சொன்னாலும் எழுதக் கூடாது. நோயின் பெயரையும் எழுதாதீர்கள்; ‘மாதாந்திர மாத்திரை’ என்று குறித்தால் போதும். காசநோய், மனநலச் சிக்கல், எச்.ஐ.வி. போன்றவை உங்கள் நோட்டிலிருந்து கசிந்தால் ஒரு குடும்பம் ஊரைவிட்டே போகும்படி ஆகலாம். எச்.ஐ.வி. நிலையை வெளியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. கைப்பேசியில் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள். நோட்டு ஒருவர் வீட்டுப் பீரோவில் இருக்கட்டும்.

கேட்கும் விதத்துக்கு ஒரு எடுத்துக்காட்டு. ஒரு பாட்டியிடம், “மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா, ஆயா?” என்றார் எங்கள் இளைஞர். “சாப்பிடுகிறேன் அப்பா” என்று பதில் வந்தது. அவர் எழுதப் போனார். கூட வந்த அக்கா அவரைத் தடுத்து, “மாத்திரை டப்பாவைக் கொஞ்சம் காட்டுங்கள் ஆயா” என்றார். பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் மூன்று வகை மாத்திரைகள், எல்லாம் பாதிப் பாதியாக உடைத்தபடி. மாதத்துக்குக் கொடுத்ததை இரண்டு மாதத்துக்கு வரும்படி அவர் உடைத்து வைத்திருந்தார். பஸ்ஸுக்கு ஆறு கிலோமீட்டர் நடக்க வேண்டும்; முழங்கால் விடவில்லை. இந்த விடை எந்தப் படிவத்திலும் வராது. டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள், அட்டையைக் கையில் வாங்கிப் பாருங்கள், ‘இருக்கிறது’ என்ற சொல்லை நம்பாதீர்கள்.

அந்தப் பாட்டிக்கான விடை ஏற்கெனவே அரசிடம் இருந்தது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட திட்டம். இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பெண் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து மாத்திரை தருவார்; படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறை மருத்துவமும் நோய்த் தணிப்புச் சிகிச்சையும் உண்டு. பாட்டியின் பெயர் அந்தத் தன்னார்வலரின் பட்டியலில் ஏறவில்லை, அவ்வளவுதான். செவிலியரிடம் சொன்னோம், மறுமாதம் ஏறியது. போராட்டம் தேவைப்படாத இப்படிப்பட்ட வேலைகள்தான் முதல் மூன்று மாதத்தில் அதிகம். அவற்றை முதலில் முடியுங்கள். ஊர் உங்களை நம்பத் தொடங்குவது அதில்தான்.

வட்டமிட்ட பெயர்களை எங்கே எடுத்துச் செல்வது

காப்பீட்டில் தொடங்குவோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போக வேண்டும். கட்டணமில்லாத் தொலைபேசி 1800 425 3993. சர்க்கரை மாத்திரை, காய்ச்சல் ஊசி போன்ற வெளிநோயாளர் செலவுக்கு இது உதவாது. திட்டத்தின் பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கும் அறுவைச் சிகிச்சைகளுக்கும் மட்டும். இதைத் தெளிவாகச் சொல்லாமல் விட்டால் ‘அட்டை வாங்கித் தந்தார்கள், ஒன்றுக்கும் ஆகவில்லை’ என்ற பேச்சு உங்கள் மேல் விழும்.

புது மருமகளுக்கு வரிசை முக்கியம். முதலில் பிறந்த வீட்டுக் குடும்ப அட்டையில் பெயர் நீக்கம், பிறகு இங்கே சேர்ப்பு, அதன் பிறகே காப்பீடு. கர்ப்பிணி என்றால் இவை எதற்கும் காத்திருக்காமல், அன்றைக்கே செவிலியரிடம் கர்ப்பப் பதிவு எண் வாங்க வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய் உதவிக்கும் பிறகு குழந்தையின் பிறப்புச் சான்றுக்கும் அந்த எண் வேண்டும். நான் முதலில் சொன்ன பெண்ணுக்கு எண் ஒரு காலையில் கிடைத்தது. குடும்ப அட்டைக்கு நான்கு மாதம் ஆயிற்று. இரண்டையும் ஒன்றாக எண்ணி முதல் வேலையைத் தள்ளிப்போடுபவர்கள் நிறைய.

வாக்கு இல்லாதவர்களை நோட்டில் விட்டுவிடாதீர்கள். மறுவாழ்வு முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு இந்தக் காப்பீடு வருமான வரம்பின்றி உண்டு. குடியுரிமை இல்லாததால் வாக்கு இல்லை. அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற வாக்காளராக இருக்க வேண்டியதும் இல்லை. இடது பாதி எல்லோருக்கும்; வலது பாதிதான் குடிமக்களுக்கு.

வலது பாதி

உங்கள் வாக்குச்சாவடியின் பட்டியலைத் தேர்தல் துறை இணையதளத்திலிருந்து யார் வேண்டுமானாலும் பதிவிறக்கலாம். பாகம் எண் தெரிந்தால் போதும். அச்செடுத்து, தெரு வாரியாகக் கத்தரித்து, நோட்டின் பக்கங்களோடு ஒப்பிடுங்கள். கைப்பேசியில் பார்த்தால் கண் தப்பும். தாளில் பென்சிலோடு உட்கார்ந்தால்தான் ஒரே வீட்டு எண்ணில் பதினான்கு பேர் இருப்பது தெரியும்.

‘என்னிடம் வாக்காளர் அடையாள அட்டை இருக்கிறது’ என்பதற்கும் பட்டியலில் பெயர் இருப்பதற்கும் தொடர்பு இல்லை. அட்டை இல்லாவிட்டாலும் புகைப்படம் ஒட்டிய வங்கிப் புத்தகத்தையோ நூறு நாள் வேலை அட்டையையோ காட்டி வாக்களிக்கலாம். பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் எந்த அட்டையும் உதவாது. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை என்று நினைத்தேன். டிசம்பரில் வெளியான வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரட்டைப் பதிவுகள் என்று காரணம் சொல்லப்பட்டது. அவ்வளவு பேச்சுக்குப் பிறகும், அட்டையைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களை ஒவ்வொரு தெருவிலும் பார்க்கிறேன்.

படிவங்கள் மூன்றுதான். புதிதாகச் சேர 6. வேறொருவர் பெயர் சேர்வதை ஆட்சேபிக்கவும் இறந்தவர் பெயரை நீக்கவும் 7. முகவரி மாற்றம், பிழை திருத்தம், மாற்று அட்டை, மாற்றுத்திறனாளி என்று குறித்தல் எல்லாவற்றுக்கும் 8. இந்தக் கடைசிப் பயனைப் பலர் கவனிப்பதில்லை. நடக்க முடியாதவரைப் பட்டியலில் மாற்றுத்திறனாளி என்று குறித்துவிட்டால், தேர்தல் நேரத்தில் அலுவலர் அவரைத் தேடி வர வழி பிறக்கும். 2022 ஆகஸ்டிலிருந்து ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள். பதினேழு முடிந்தவர் முன்கூட்டியே விண்ணப்பித்து வைக்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஆர்வத்தில் நாற்பது படிவங்களை நீங்களே நிரப்பி, கட்டாகக் கட்டிக்கொண்டு போய்க் கொடுக்காதீர்கள். தனியாள் மொத்தமாகக் கொடுக்கும் விண்ணப்பங்களைத் தேர்தல் அலுவலர்கள் ஏற்பதில்லை. ஒரே வீட்டாருக்கு அந்த வீட்டார் கொடுக்கலாம். பொய்யான உறுதிமொழிக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு. வாக்குச்சாவடி நிலை அலுவலரை ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவுக்கே வரச் சொல்லி, வேப்பமரத்தடியில் ஒரு மேசை போட்டுத் தருவதே சரியான வேலை. அவர் பெரும்பாலும் உள்ளூர் ஆசிரியராகவோ அங்கன்வாடிப் பணியாளராகவோ இருப்பார். ஐயம் வந்தால் வாக்காளர் உதவி எண் 1950இல் கேளுங்கள்.

படிவம் 7 விஷயத்தில் இன்னும் கவனம். இறந்தவரின் வீட்டார் கையெழுத்திடட்டும், நீங்கள் வேண்டாம். அண்ணன் தம்பிச் சண்டையிலும் வரப்புத் தகராறிலும் இந்தப் படிவம் ஆயுதமானதை நான் கண்டிருக்கிறேன்.

கிராம சபையில் ஒரே ஒரு தீர்மானம்

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தலைவர் இல்லையே என்று சபையை விட்டுவிடாதீர்கள், சபை நடக்கும். நகரத்தில் இருப்பவர்களுக்கு வார்டுக்குள் பகுதி சபை இருக்கிறது. 2022 நவம்பர் 1 முதல் நடக்கிறது.

எவ்வளவு பேர் வர வேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர்; 3,000 வரை 100; 10,000 வரை 200; அதற்கு மேல் 300. கூட்டம் குறைந்தால் தீர்மானத்தைப் பின்னால் யாராவது கேள்வி கேட்பார்கள். நோட்டில் பெயர் உள்ளவர்களை முந்தைய மாலை ஒருமுறை நேரில் அழையுங்கள். ஒலிபெருக்கி ஆட்டோவைவிட அது பலன் தரும்.

ஒரு சபைக்கு ஒரு சுகாதாரக் கோரிக்கை. பதினொரு கோரிக்கை எழுதிக்கொண்டு போனால் பதினொன்றும் ‘பரிசீலிக்கப்படும்’ என்ற ஒரே வரிக்குள் அடங்கிவிடும். கோரிக்கையின் வாசகத்தை முன்பே எழுதி எடுத்துச் செல்லுங்கள். ‘எங்கள் ஊருக்கு நல்ல மருத்துவ வசதி வேண்டும்’ என்பது தீர்மானம் அல்ல, ஆசை. ‘இந்த ஊராட்சியின் துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியர் பணியிடம் காலியாக உள்ளதால், நிரந்தர நியமனம் ஆகும் வரை வாரத்தில் மூன்று நாட்களுக்கு மாற்றுப் பணியில் ஒருவரை அனுப்புமாறு மாவட்ட சுகாதார அலுவலரை இச்சபை கேட்டுக்கொள்கிறது’ என்பது தீர்மானம்.

இந்த வாசகத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நிரந்தரமாகச் செவிலியரையோ மருத்துவரையோ ஆட்சியர்கூட நியமிக்க முடியாது. அதற்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் இருக்கிறது, அதன் கால அட்டவணை இருக்கிறது. மாற்றுப் பணியில் அனுப்புவது மாவட்டத்திலேயே முடியும். ஓர் அதிகாரியிடம் அவரால் முடிந்ததைக் கேளுங்கள். முடியாததைக் கேட்டால் அவருக்குத் தப்பிக்க வழி கிடைத்துவிடும்.

எழுந்து வாசிப்பது யார்? குழுவின் பேச்சாளர் வேண்டாம். எங்கள் ஊரில் மாத்திரையை உடைத்து வைத்திருந்த அந்தப் பாட்டி எழுந்தார். மூன்று வாக்கியம். “என் முழங்கால் பஸ் நிறுத்தம் வரை போகாது. நர்சம்மா முன்பு வாரம் இரண்டு நாள் வந்தார். இப்போது யாரும் வருவதில்லை, அதை எழுதுங்கள்.” எழுதினார்கள்.

எழுதியதைச் சரிபார்க்காமல் கையெழுத்திடாதீர்கள். தீர்மானப் பதிவேட்டில் முதலில் கையெழுத்து வாங்கிவிட்டு, வாசகத்தைச் சாவகாசமாக நிரப்பும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. பதிவேட்டை வாங்கி, உரக்கப் படித்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, பிறகு கையெழுத்து.

தீர்மானத்துக்குப் பிறகான நடை

ஒரு வாரத்தில் தீர்மானத்தின் நகலை வாங்குங்கள். அதை இணைத்து, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனுக் கொடுங்கள். மனு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். ஒப்புகைச் சீட்டு இல்லாமல் வெளியே வராதீர்கள். 1100 என்ற எண்ணிலும் பதியலாம். அந்தச் சீட்டு எண்களையெல்லாம் நோட்டின் பின்னட்டையில் எழுதுங்கள். மூன்றாவது முறை போகும்போது, அலுவலர் உங்களைப் பார்க்கும் பார்வையை மாற்றுவது அந்தப் பின்னட்டைதான்.

ஒரு மாதம் அசைவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மாவட்ட சுகாதார அலுவலர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். ‘ஏன் நியமிக்கவில்லை’ என்று கேட்காதீர்கள். ‘ஏன்’ என்பதற்குப் பதில் தர வேண்டியதில்லை என்று எழுதிவிடுவார்கள். கோப்பில் இருப்பதைக் கேளுங்கள்: அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, நிரம்பியவை எத்தனை, காலியிடம் எந்தத் தேதியிலிருந்து, மாற்றுப் பணி உத்தரவு உண்டெனில் நகல். பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

மருந்துத் தட்டுப்பாட்டுக்கும் இதே வழி. அரசு மருத்துவமனைகளுக்கான மருந்து 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மாவட்டக் கிடங்கிலிருந்து வருகிறது. ஒவ்வொரு நிலையத்துக்கும் எவ்வளவு தொகைக்கு எடுத்தார்கள் என்பதற்குப் பாஸ்புத்தகம் இருக்கிறது. ‘மருந்து இல்லை’ என்றால் கிடங்கில் இல்லையா, நிலையத்தார் எடுத்து வரவில்லையா என்பதை அது காட்டிவிடும். எங்களுக்கு நாய்க்கடி ஊசி விஷயத்தில் இது கைகொடுத்தது. கடித்த நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று நான்கு தவணை. கடைசித் தவணைக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். கிடங்கில் இருப்பு இருந்தது, கொண்டுவர வண்டி இல்லை. ஒரு வண்டிக்காக நாங்கள் இரண்டு மாதம் மருந்துக் கொள்கை பேசிக்கொண்டிருந்தோம்.

தேர்தல் வரும்போது

தேதி அறிவித்ததும் நடத்தை விதிமுறை வந்துவிடும். குறைதீர்க்கும் கூட்டம் நின்றுவிடும், புதிய அறிவிப்புகள் இருக்காது. ஆகவே மனு வேலைகளை முன்பே முடியுங்கள். பெயர் சேர்ப்பும் வேட்புமனுவின் கடைசி நாளுக்குச் சில நாட்கள் முன்பே முடிந்துவிடும்.

85 வயதைக் கடந்தவர்களும் 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள மாற்றுத்திறனாளிகளும் வீட்டிலிருந்தே தபால் வாக்களிக்கலாம். அதற்குப் படிவம் 12டி. தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாட்களுக்குள் தர வேண்டும். அந்த ஐந்து நாள் கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும். நோட்டின் இடது பாதியில் ‘நடக்க முடியாதவர்’ என்று எழுதியவர்களின் வயதும் சான்றிதழும் அதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும்.

இனி செய்யக் கூடாதவை. வாக்காளர்களைச் சாவடிக்கு அழைத்துப் போக வண்டி அமர்த்தாதீர்கள். வேட்பாளர் தரப்பு இலவசமாக வண்டி விடுவது தேர்தல் முறைகேடு, அதில் உங்கள் வண்டியும் சேர்த்துப் பார்க்கப்படும். உண்மையில் நடக்க முடியாதவருக்குத் தேர்தல் அலுவலகத்திடம் ஏற்பாடு கேளுங்கள். மருத்துவ முகாம், கண்ணாடி, மாத்திரை எதையும் அந்த வாரங்களில் வழங்காதீர்கள். பார்வையற்றவருக்கோ இயலாதவருக்கோ துணையாக உள்ளே போகும் ஒருவர் அன்று ஒரே ஒருவருக்குத்தான் துணை போக முடியும். ‘நான் பத்துப் பாட்டிகளை அழைத்துப் போகிறேன்’ என்று கிளம்பும் தொண்டரை வீட்டிலேயே நிறுத்துங்கள். உங்கள் பெயரில் யாராவது முன்பே வாக்களித்துவிட்டால் திரும்பி வராதீர்கள். ஆய்வுக்குரிய வாக்குச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எல்லா வேட்பாளர்களுக்கும் ஒரே கடிதம், ஒரே நான்கு கேள்விகள், ஒரே நாளில். பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் அரசமைப்பின்படி மாநிலப் பட்டியலில் உள்ளவை. அதனால் சட்டமன்றத் தேர்தலில்தான் இந்தக் கேள்விகளுக்குக் கூர்மை அதிகம். ‘கட்டடம் கட்டித் தருகிறேன்’ என்ற பதில் எளிதாக வரும், தொகுதி நிதியில் அது முடியும். ‘கட்டடத்துக்குள் இருக்க செவிலியர் எப்போது வருவார்’ என்று அடுத்த கேள்வியைத் தயாராக வைத்திருங்கள். பதில்களை வந்தபடியே ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுங்கள். பதில் தராதவர் பெயருக்கு எதிரே வெற்றிடம் விடுங்கள், கிண்டல் எழுதாதீர்கள்.

எங்களில் ஒருவர் ஒரு கட்சிக்காரரின் தோளில் கைபோட்டு எடுத்துக்கொண்ட படம் ஒருமுறை ஊர் வாட்ஸ்அப்பில் சுற்றியது. நெருங்கிய உறவினர், திருமண வீடு, வேறொன்றுமில்லை. இரண்டு தெருக்கள் எங்களுக்குக் கதவைச் சாத்தின. மீண்டும் திறக்க ஏழு மாதம் ஆயிற்று. திறந்தது எங்கள் விளக்கத்தால் அல்ல, அந்தத் தெருவில் ஒருவருக்கு இதய அறுவைச் சிகிச்சைக்குக் காப்பீட்டு ஒப்புதல் தேவைப்பட்டதால். கட்சி உறுப்பினர்கள் குழுவில் இருக்கலாம், இருக்கத்தான் செய்வார்கள். தேர்தல் மூன்று மாதங்களுக்கு அவர்கள் நோட்டைத் தொடாமல் இருக்க வேண்டும் என்று முதல் நாளே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வாக்கு எண்ணிக்கை முடிந்த வாரம் ரேஷன் கடைச் சுவரிலிருந்து வென்றவரின் பதிலை மட்டும் பிரித்தெடுத்து, நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். பிறகு முதல் தெருவுக்கு மறுபடி போங்கள். ஓராண்டில் மூன்று வீட்டில் புது மருமகள்கள் வந்திருப்பார்கள், இரண்டு வீட்டில் பிள்ளைகளுக்குப் பதினேழு முடிந்திருக்கும், ஒரு திண்ணை காலியாக இருக்கும்.